மேரிம் பக்கத்துச் சுவர்

குபாத்தை எனக்குப் பிடிக்காது. செத்தவனைப் பற்றி இப்படியா ஆரம்பிப்பது என்று கேட்பீர்கள். அவன் என் சித்தப்பா மகன், இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள் நான், எனக்குச் சொல்ல உரிமை உண்டு. முஸ்லிம் ஊரான எங்கள் கோக்தாலில் இயேசுவைக் கும்பிடுகிற ஏழெட்டுப் பேரில் மூத்தவளும் நான்தான். பள்ளிக்கூடச் சமையல்காரி தாமாரா என்றால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். என் வாய்க்குப் பயந்து பாதிப் பேர் வேறு தெரு வழியாகப் போவார்கள்.

ரஷ்யர் காலத்துக் கூட்டுப் பண்ணையைக் கலைத்து ஆட்டையும் மாட்டையும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்த காலம் அது. வேலை போன ஆண்கள் எல்லோரும் குடித்தார்கள். குபாத் கொஞ்சம் அதிகமாகவே குடித்தான். பங்காக வந்த ஆடுகள் ஒவ்வொன்றாக வோட்காவாக மாறின. அவன் மனைவி ஜூரா மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி, வாயில்லாத பெண். ஒரே மகள் மேரிம். எங்கள் பேச்சில் மேரிம் என்றால் கிருபை. வீட்டுக்கு ஒரு பெண் குழந்தைக்கு அந்தப் பேர் இருக்கும், யாரும் அர்த்தம் யோசித்து வைப்பதில்லை.

அந்த பிப்ரவரியில் மேல் ஊரில் ஒரு சுன்னத் விருந்து. மிட்டாய் தருவார்கள், நானும் வருவேன் என்று குழந்தை அடம் பிடித்தாள். குபாத் அவளைச் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். சாயங்காலம் குதிரை தானாக வீடு வந்து சேர்ந்தது. வண்டியில் அவன் வைக்கோல் மேல் தூங்கிக்கொண்டிருந்தான். நான் உப்பு கேட்க வந்தவள், வாசலில் நின்றிருந்தேன். ஜூரா பால் வாளியோடு தொழுவத்திலிருந்து வெளியே வந்து வண்டியைப் பார்த்தாள்.

"எங்க?" என்றாள்.

குபாத் கண்ணைத் திறந்தான். "யாரு?" என்றான். அந்தச் சொல்லை என் காதால் கேட்டேன்.

ஆண்கள் எல்லாம் விளக்கெடுத்துக்கொண்டு ஓடினார்கள். வில்லோ மரங்கள் நிற்கிற திருப்பத்தில் வண்டி சாய்ந்தபோது விழுந்திருக்கிறாள். கொஞ்ச தூரம் வண்டிக்குப் பின்னால் நடந்தும் இருக்கிறாள், பனியில் தடம் இருந்தது. விறைத்து மூடிய கைக்குள் இரண்டு மிட்டாய்.

மண் பனியில் உறைந்து இறுகிப் போயிருந்தது. பழைய டயர்களைக் கொளுத்தி இளக்கித்தான் குழி தோண்ட முடிந்தது. இடுகாட்டின் நடுவில் கடப்பாரை இறங்கவில்லை. வெயில் படுகிற ஓரத்தில், மண்சுவரை ஒட்டி மண் கொஞ்சம் இளகியது, அங்கேயே வைத்தார்கள்.

அன்றிலிருந்து ஜூரா புருஷனோடு பேசவில்லை. பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். "என் புள்ள இங்க படுத்திருக்கா, நான் எங்க வர்றது" என்று அனுப்பிவிட்டாள். அதே வீட்டில், அதே அடுப்பில்தான் இருந்தாள். அவனிடம் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் பசுவிடம் சொல்வாள்.

"பசுவே, தீவனம் தீந்துபோச்சுன்னு சொல்லு."

"பசுவே, கூரை ஒழுகுதுன்னு சொல்லு, காது இருக்கிறவங்க கேக்கட்டும்."

ஊரில் முதலில் சிரித்தார்கள். பசு செத்து அதன் கன்று பசுவான பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வேறு குழந்தையும் இல்லை, எங்கிருந்து வரும்.

குபாத் முன்னைவிட அதிகமாகக் குடித்தான். வாய்க்காலில் கிடந்தான். சொந்த அண்ணன் ஓமுர்பெக்கே, இவன் உறைந்து போனால் தூக்கிப் புதைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று என்னிடம் சொன்னார்.

அப்போது ஜெபக் கூட்டம் என் வீட்டில்தான் நடந்தது. மாவட்ட நகரத்திலிருந்து போதகர் தாலாய் வருவார். போதகர் என்றாலும் சின்னப் பையன்தான், மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. ஒரு கோடைக்கால ஞாயிற்றுக்கிழமை அவரே கட்டிய ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். பெரிய பாட்டு ஒன்றுமில்லை. மேரிம், மேரிம் என்று கிருபையையே திரும்பத் திரும்பக் கூப்பிடும். ஜன்னல் திறந்திருந்தது. நாங்கள் கத்திப் பாடிக்கொண்டிருந்தோம்.

கதவு படாரென்று திறந்தது. வேலிக் கம்பைப் பிடுங்கிக்கொண்டு குபாத் நின்றான்.

"எவன்டா என் புள்ளையப் பேர் சொல்லிக் கூப்பிடறது?"

எல்லோரும் எழுந்துவிட்டோம். தாலாய் சுவரோடு ஒட்டிக்கொண்டார், ஆனாலும் பேசினார்.

"அண்ணே, நாங்க கடவுளோட மேரிமத்தான் பாடறோம்."

"அவருகிட்டயா இருக்கா அவ?" அதாவது கடவுளிடமா என் மகள் இருக்கிறாள் என்று கேட்கிறான். நாக்கு குழறியது.

"அவர்கிட்டதான் அண்ணே இருக்கா."

கம்பு கையிலிருந்து விழுந்தது. வாசற்படி ஓரமாகச் சரிந்து உட்கார்ந்தான். "இன்னொரு வாட்டி கூப்பிடுங்க" என்றான். நாங்கள் பாடினோம். எங்களுக்கு அது கிருபை, அவனுக்கு அது அவள். பாடி முடிப்பதற்குள் என் புதுக் கம்பளத்தில் வாந்தியெடுத்தான். அந்தக் கறை இன்றைக்கும் போகவில்லை.

அடுத்த வாரமும் வந்தான். அதற்கடுத்த வாரம் குடிக்காமல் வந்தான். ஒருநாள் தாலாயிடம் கேட்டான், "இந்தக் கிருபைங்கறீங்களே, எனக்கெல்லாம் அது வருமா?"

"தகுதி இல்லாதவங்களுக்குக் குடுக்கறதுக்குத்தான் அண்ணே அந்தப் பேரே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டம் கலைந்ததும் தாலாயை நிறுத்தி வைத்துக் கேட்டேன். "இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்து அரிசியில ஒரு பிடி வீட்டுக்கு எடுத்துட்டு வந்தவ இல்ல நான். கோபம் வரும், நாக்கு நீளம், ஒத்துக்கறேன். இவன் பெத்த புள்ளைய ரோட்டுல போட்டுட்டு வந்தவன். எனக்கும் இவனுக்கும் ஒரே கிருபையா?"

"ஒரே கிருபைதான் அக்கா."

"அப்ப இது அநியாயம்."

"ஆமாக்கா" என்றார் அந்தப் பையன்.

வேறு ஏதாவது வசனம் சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். ஆமாக்கா என்றுவிட்டுப் போய்விட்டார். அந்தப் பதிலோடு நான் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

குபாத் ஆற்றில் ஞானஸ்நானம் எடுத்தான். ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டுப் பேசினார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன, அவர்கள் முறை அவர்களுக்கு. எங்கள் விருந்துக்கு வராதே, எங்கள் இடுகாட்டுக்குள் கால் வைக்காதே என்றார்கள். விருந்துக்கு அவனை ஏற்கெனவே யாரும் கூப்பிடுவதில்லை. இரண்டாவதுதான் அவனை அடித்துப் போட்டது.

அதற்குப் பிறகு அவன் வாழ்ந்ததைப் பார்த்து யாராவது அதிசயம் என்று சாட்சி சொன்னால் நம்பாதீர்கள். தினமும் இருட்டு பிரிவதற்குள் எழுந்து வறட்டியை உடைத்து அடுப்பு மூட்டுவான். வாய்க்காலிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து வைப்பான். தேநீர் கொதித்ததும் ரொட்டியை எடுத்துத் துணியால் மூடி வைத்துவிட்டு, ஜூரா எழுந்து வருமுன் வெளியே போய்விடுவான். தன் முகத்தில் அவளை முழிக்க வைக்கக் கூடாதாம். அவள் வந்து தனியாகக் குடிப்பாள். அவ்வளவுதான். பனிக்காலம், கோடைக்காலம் எல்லாம் இதேதான், வருஷக்கணக்காக. குடித் தாகமும் போகவில்லை. ஒரு பிப்ரவரியில் குடித்துவிட்டான். மறு ஞாயிறு நாற்றத்தோடு வந்து கதவு ஓரம் உட்கார்ந்தான். நான் எழுந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். "ஆமாக்கா, விழுந்துட்டேன். வீட்டுல இருந்தா இன்னும் விழுவேன், அதான் வந்தேன்" என்றான். ஒரு கோப்பை மோர் கொடுத்தேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாகப்போகிறவரும் நெடுந்தூரம் போகிறவரும் வீட்டு ஆட்களிடம், என்மேல் ராஸியா என்று கேட்பார்கள். ராஸிதான் என்று பதில் வரும். மனசில் ஒன்றுமில்லை, போய் வா என்று அர்த்தம். அது வராமல் போனவன் பாதியில் போனவன். குபாத் சாகவும் போகவில்லை, ஊருக்கும் போகவில்லை. ஆனாலும் வருஷா வருஷம் மேரிம் இறந்த நாளில் சமையலறை வாசலில் நின்று கேட்பான். "ஜூரா, என்மேல ராஸியா?" அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருப்பாள். அன்றைக்குப் பசுவிடம்கூட எதுவும் சொல்ல மாட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை, ஒரு தடவை கேட்டேவிட்டேன். "கர்த்தர் மன்னிச்சாச்சுங்கற. அப்புறம் எதுக்குடா இவ வாசல்ல போய் பிச்சைக்காரனாட்டம் நிக்கற?"

"அவரு மன்னிச்சதுனாலதான்க்கா நிக்க முடியுது. இல்லேன்னா அந்த வாசலுக்கு வர எனக்கு மூஞ்சி ஏது?"



சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகியதும் இடுகாட்டு மண்சுவரை ஊரே கூடிப் பூசும். உள்ளே வரக் கூடாது என்று சொன்ன வருஷத்திலிருந்து குபாத் ஊர் கூடுவதற்கு முன்பே தனியாகப் போவான். மேரிம் பக்கத்துச் சுவரை மட்டும் வெளியே நின்று பூசுவான். வைக்கோலும் மண்ணும் அவனே மிதித்துக் குழைப்பான். சுவர் நெஞ்சு உயரம், எட்டிப் பார்த்தால் குழந்தையின் மேடு தெரியும். பெரியவர்கள் பார்த்தும் பார்க்காதது போல விட்டுவிட்டார்கள்.

"ஏன்டா, உன்னை வெளிய நிறுத்தற சுவத்த நீயே பூசற, உனக்கு மூளை குழம்பிப்போச்சா?" என்றேன்.

"சுவரு இல்லேன்னா மாடு ஏறி மிதிக்கும்க்கா, புள்ள மேல" என்றான், மண்ணை வழித்துக்கொண்டே.

குடித்ததெல்லாம் கடைசியில் ஈரலில் வந்து நின்றது. வயிறு ஊதியது, கண் மஞ்சளாகியது. போன இலையுதிர்காலத்தில் படுக்கையில் விழுந்தான். ஜூரா அவனுக்குச் சூப் வைத்தாள், துணி மாற்றினாள், வாளி பிடித்தாள். ஒரு வார்த்தை பேசாமல் எல்லாம் செய்தாள். மருத்துவமனைத் தாதிகள்கூட ஏதாவது திட்டிக்கொண்டு செய்வார்கள்.

முடியப் போகிறது என்று தெரிந்தபோது ஓமுர்பெக் வந்தார். நானும் தாலாயும் படுக்கை ஓரம் இருந்தோம். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பேசினார்.

"முல்லாகிட்டப் பேசிட்டேன்டா. கலிமாவ ஒரே ஒரு வாட்டி சொல்லிடு. இவங்க காதுல விழக்கூட வேண்டாம், மெதுவாச் சொல்லு. புள்ளைக்குப் பக்கத்துல இடம் இருக்கு. அங்க வைக்கலாம்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

குபாத் அழுதான். அவனுக்கு அந்த இடம் எப்படி வேண்டும் என்று எனக்குத் தெரியும். எட்டி எட்டிப் பார்த்துப் பார்த்துத்தானே இத்தனை வருஷம் ஓட்டினான். உண்மையைச் சொல்கிறேன், சொல்லித் தொலையேன்டா என்று என் மனசுக்குள்ளேயே ஓடியது. தாலாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணே," என்றான் குபாத், "நான் வாய்க்கால்ல கெடந்தப்போ அவ பேரச் சொல்லித்தான் அவரு என்னைக் கூப்பிட்டாரு. இப்ப அவர விட்டுட்டு அவ பக்கத்துல போய்ப் படுத்தா, அவகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?"

ஓமுர்பெக் கையை விடவில்லை. குபாத் அடுப்பருகே நின்ற ஜூராவைப் பார்த்தான்.

"ஜூரா. இப்பவாவது. என்மேல ராஸியா?"

அவள் ஒரு வறட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டாள். அவள் திரும்பி வருவதற்குள் அவன் போய்விட்டான்.

எங்கே புதைப்பது என்று பேச்சு வந்தது. ஊர் இடுகாடு இல்லை என்றாகிவிட்டது. நகரத்து ரஷ்யக் கல்லறையில் கேட்டுப் பார்க்கலாம் என்றார் தாலாய். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஜூரா வாயைத் திறந்தாள். ஆண்கள் கூடிய இடத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

"எங்கயும் தூக்கிட்டுப் போக வேண்டாம். சுவத்துக்கு வெளிய, அவன் நிக்கற எடத்துல."

அந்த இடம் யாருக்கும் சொந்தமில்லை, ஓடைக்கரை மேய்ச்சல் நிலம். யாரும் மறுக்கவில்லை. சுவருக்கு வெளியே நாங்கள் ஏழு பேர் நின்று ஜெபித்தோம். உள்பக்கம் ஓமுர்பெக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். கிருபையைப் பாடும்போது தாலாய்க்குக் குரல் வரவில்லை, நான்தான் பாடி முடித்தேன்.

திரும்பி வரும்போது ஜூராவைப் பிடித்துக்கொண்டேன். "ஒத்தச் சொல்லு. சொல்லியிருந்தா உனக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்? நாய்க்குக்கூடப் பாவம் பாப்பியே."

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "மதினி, அவனுக்கு உங்க கடவுள் இருந்தாரு, நீங்கள்லாம் இருந்தீங்க, பாட்டு இருந்துச்சு. நானும் ராஸின்னு சொல்லிட்டா என் புள்ளைக்குன்னு யார் இருக்கா?"

சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்துவிட்டாள்.

இந்த வருஷம் பனி அதிகம். வசந்தத்தில் ஓடை பெருகி வந்ததில் பூச ஆள் இல்லாத அந்தச் சுவர் இடிந்து உட்கார்ந்துவிட்டது, சரியாக மேரிம் பக்கத்தில். ஊர் கூடியது. மண் குழைத்த வாளிகளோடு ஆண்கள் வந்தபோது ஜூரா இடிந்த இடத்தில், மண் குவியல் மேல் உட்கார்ந்திருந்தாள். கெட்டிலும் ரொட்டியும் கொண்டுவந்திருந்தாள். நாங்கள் பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றோம்.

"எழுந்திரும்மா, வேலை ஆகணும்" என்றார் ஓமுர்பெக்.

"இந்த எடத்த விட்டுடுங்க."

"விட்டா மாடு வரும்."

"நான் வெரட்டறேன்."

பின்னாலிருந்து ஒரு கிழவர் சொன்னார், "அவன் நம்ம மார்க்கத்துல இல்லம்மா. சுவரு வேணும்."

"அவன் எந்த மார்க்கத்துல வேணா இருக்கட்டும். அவ அப்பன்."

ஓமுர்பெக் வாளியைக் கீழே வைத்தார். மெதுவாகக் கேட்டார். "அப்ப நீ அவன்மேல ராஸியாயிட்டியா?"

"ஆகல" என்றாள். சட்டென்றுதான் சொன்னாள், பொய் சொல்லத் தெரியாதவள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

பிறகு ஓமுர்பெக் வாளியை எடுத்துக்கொண்டு வடக்குப் பக்கம் நடந்தார், மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பெண்ணை இழுத்துப் போட்டுவிட்டுச் சுவர் கட்ட யாருக்கும் மனசு வரவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அன்றிலிருந்து மந்தை திரும்புகிற வேளையில் ஜூரா ஒரு கம்போடு போய் அந்த இடைவெளியில் உட்காருவாள். ஒரு பக்கம் சின்ன மேடு, மறுபக்கம் பெரிய மேடு, நடுவில் அவள். போன வாரம் நானும் அந்த வழியாக வந்தேன். மந்தை இன்னும் தூரத்து மலைச்சரிவில்தான் இருந்தது, தூசி தெரிந்தது. அவள் கெட்டிலைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள், காலி. ஓடைக்கு இறங்கினால்தான் தண்ணீர். எழுந்து இரண்டு அடி வைத்து நின்றாள். என்னைக் கூப்பிட்டுக் காவல் இருக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

சுற்றிலும் பசு எதுவும் இல்லை. பெரிய மேட்டைப் பார்த்து நேராகச் சொன்னாள்.

"நான் தண்ணி எடுத்துட்டு வர்றேன். புள்ளையப் பாத்துக்கோ."